ஆணி அடிக்காத சுவர்

ஆட்டோ வளைவில் திரும்பிவிட்டது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது, மேலக்காற்று அதை ஒரு தடவை கொண்டுவந்து காதில் போட்டது, இன்னொரு தடவை போட்டது, அப்புறம் அதுவும் இல்லை. நான் இன்னும் வாசல் கம்பிக்கதவில் கைவைத்தபடியே நிற்கிறேன். “போன் பண்ண மாட்டேன் அத்தான், நீங்களும் பண்ணாதீய, வந்து சொல்லுதேன்” என்று என் மனைவி செண்பகம் சொன்னது ஆட்டோவுக்குள்ளிருந்து. முகத்தை வெளியே நீட்டவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கை தெரிந்தது, புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு வைத்த மருதாணி இன்னும் கறுக்காமல் சிவப்பாக. பக்கத்தில் பிரமு அக்கா, என் கூடப்பிறந்தவள், மடியில் ஸ்கேன் ஃபைல், கையில் தண்ணீர் பாட்டில். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், அப்போதுதான் உள்ளே தெரியுமாம். “ஏ பிள்ள, இன்னும் ரெண்டு மடக்குக் குடி.” “முட்டுது மதினி, ஆட்டோ ஒரு பள்ளத்துல விழுந்துச்சுன்னா வழியிலயே போயிருவேன்.” ரெண்டு பேரும் சிரித்தார்கள், ஆட்டோக்காரர்கூடச் சிரித்தார், நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. “ஏல குத்தாலம், விளக்கப் பாத்துக்க, காத்து அடிக்கு” என்றாள் அக்கா, என்னிடம். அவ்வளவுதான். போய்விட்டார்கள். இந்த லே-அவுட்டில் எங்கள் வீடுதான் முதல் வீடு. மற்றதெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கல்லும் கல்லுக்குக் கல் உடைமுள்ளும்தான். எந்தக் கல்லுக்குள் யார் வரப்போகிறார்களோ, பாளையங்கோட்டை இதுவரைக்கும் வந்து சேர எத்தனை வருஷமோ. தூரத்தில் ஒரு மயில் எல்லைக்கல்மேல் ஏறி நின்று, காற்றில் தோகை ஒரு பக்கமாகச் சாய, இறங்கத் தெரியாததுபோல நிற்கிறது. போன தடவை டாக்டரம்மா சொன்னது, கருவுக்குப் பை வந்திருக்கு, உள்ளே துடிப்பு இன்னும் தெரியலை, கொஞ்சநாள் பொறுத்து வாங்க, அப்பவும் தெரியலைன்னா என்ன செய்யணும்னு பார்ப்போம். அந்தக் கொஞ்சநாள் இன்றைக்கு முடிகிறது. முடியட்டும். கையை எடுத்தேன். கம்பியின் துருப்பிடிக்காத புது வாசனை உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

உள்ளே வந்தால் வீடு என் செருப்புச் சத்தத்தை எனக்கே திருப்பிச் சொல்கிறது. புது வீட்டுக்கு இது ஒரு கெட்ட பழக்கம், துணி இல்லை, கட்டில் இல்லை, ஆள் இல்லை, எதைச் சொன்னாலும் ஒரு தடவை கூடச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறது. இருமினேன், இருமியது. பெயின்ட் வாடை, சாம்பிராணி வாடை, எங்கோ மூலையில் வாடத்தொடங்கிய வாழைக்குலையின் வாடை. நடுவீட்டில் ஹோமம் வளர்த்த இடத்தில் தரை கறுத்துக் கிடக்கிறது, தேய்த்தும் போகவில்லை. பூஜை அலமாரியில் விளக்கு. ஜன்னலெல்லாம் அடைத்திருக்கிறேன், அப்படியும் எந்த இடுக்கு வழியாகவோ காற்று வந்து சுடரை ஒரு பக்கமாக இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது. “மூணு நாளைக்கு வீட்டப் பூட்டப்பிடாது, விளக்கு எரியாம நிக்கப்பிடாது, ஆளில்லாமக் கெடக்கப்பிடாது.” அக்காவின் சட்டம். இதையெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. பன்னிரண்டு வருஷம் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் ஒரு பால்பவுடர் கம்பெனியில் பரிசோதனைச்சாலையில் இருந்தவன், கண்ணாடித் தட்டில் கிருமி ஏதாவது முளைத்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் வேலை, முளைத்திருந்தால் எழுது, இல்லையென்றால் இல்லை என்று எழுது. செண்பகமும் நம்புகிறவள் இல்லை. கிரகண நேரத்தில் சாப்பிடக்கூடாது என்று அக்கா இங்கிருந்து வீடியோ காலில் சொன்னபோது, தட்டை கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டி, “நல்லாருக்கு மதினி, ஒங்களுக்கும் ஒரு வாய்” என்று உருட்டி நீட்டியவள். அவள்தான் இன்றைக்குக் காலையில் சொல்கிறாள். அக்கா இருக்கட்டும், நான் வாரேன் உன்கூட என்றேன். சட்டைகூட மாற்றிவிட்டேன். பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. “வேண்டாம். வீட்டு ஆம்பளதான் இருக்கணும்.” “யாரு சொன்னா?” “மதினிதான் சொன்னாங்க.” அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த அக்கா, “நானா…” என்று ஆரம்பித்தாள், செண்பகத்தின் முதுகைப் பார்த்தாள், என்ன பார்த்தாளோ, “ஆமா, நாந்தான். இருல நீ” என்றாள். அந்த ‘நானா’ இன்னும் இந்த நடுவீட்டில்தான் இருக்கிறது. நான் இருமினால் அதுவும் திரும்ப வருகிறது.

அக்காவுக்கு இதிலெல்லாம் வாய் நிற்காது, சட்டத்துக்குமேல் சட்டம் போடுவாள், இல்லாத ஒன்றுக்கு ஆமா போடமாட்டாள். முந்தாநாள் அவளால்தான் குட்டு உடைந்தது. யாரிடமும் சொல்லவேண்டாம், துடிப்பு தெரிந்த பிறகு பார்த்துக்கொள்வோம் என்றுதான் மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம். வைகாசியில் கடைசி முகூர்த்தம், விட்டால் ஆவணி, ஆவணிக்குள் வயிறு தானே சொல்லிவிடும், அதனால் இப்போதே பால் காய்ச்சிவிடுவோம், ஒருத்தருக்கும் தெரியாமல். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஐயர் வாசலில் நிற்கவைத்து, சூடம் ஏற்றிச் சுற்றிய பூசணிக்காயை என் கையில் தூக்கித் தந்தார். நானும் தலைக்குமேல் ஓங்கிவிட்டேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா, “ஏல போடாத, போடாத! நீ உடைக்கப்பிடாதுல்லா” என்று வந்து பூசணிக்காயைப் பிடுங்கிக் கொத்தனார் கையில் கொடுத்தாள். ஒரு நிமிஷம் மேளம்கூட நின்றதுபோல இருந்தது. பூசணிக்காய் உடைக்கக்கூடாத ஆம்பிளை யார், எதற்காக உடைக்கக்கூடாது என்று தெரியாத பொம்பிளை திருநெல்வேலிச் சீமையில் உண்டா. ஒருத்தி மற்றவளைப் பார்க்க, அவள் செண்பகத்தின் வயிற்றைப் பார்க்க, என் பெரியம்மா மகள் ஒருத்தி சத்தமாகவே, “அப்படியா சங்கதி, இத்தன வருஷம் கழிச்சு வெளிநாட்டுத் தண்ணி இப்பத்தான் எறங்கிருக்கு போல” என்றாள். சிரிப்பு. செண்பகம் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். என் கை இன்னும் மேலேயே இருந்தது, வெறும் கை. சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரும் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்கள். அப்புறம் அக்கா ஒப்பித்தாள். தேங்காய் உடைக்கப்பிடாது, கடலில் குளிக்கப்பிடாது, சாவு வீட்டில் பாடை தூக்கப்பிடாது, சுவரில் ஆணி அடிக்கப்பிடாது. “ஆணிக்கும் பிள்ளைக்கும் என்னக்கா?” “எனக்கென்னல தெரியும். அடிக்கப்பிடாதுன்னா அடிக்கப்பிடாது. ஒரு வீட்டுல ஒண்ணு உருவாகும்போது அந்த வீட்டுச் சொவத்த நோகடிக்கலாமா?” அது மட்டும் கொஞ்சம் அழகாக இருந்தது. சுவர் நோகும் என்பது.

டிக். எங்கே? டிக். பல்லியா. பல்லி இவ்வளவு ஒழுங்காகச் சொல்லாது. விளக்குத் திரி தெறிக்கிறதா என்று போய்ப் பார்த்தேன், இல்லை, எண்ணெய் நிறைய இருக்கிறது. தண்ணீர்க் குழாயும் இல்லை. சின்ன அறையிலிருந்து வருகிறது. அந்த அறைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கட்டும்போது, கொத்தனார் மட்டப்பலகையை வைத்துக்கொண்டு, “இது பிள்ளைய ரூமா சார், அலமாரி தாழ்வா வச்சிருவமா?” என்று கேட்டதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் செண்பகம், “ஸ்டோர் ரூம்” என்றாள். ஆனால் கொத்தனார் வைத்த அலமாரி தாழ்வாகத்தான் இருக்கிறது, என் இடுப்புக்கு. அப்போது ஒன்றும் உருவாகியிருக்கவில்லை, இனி உருவாகும் என்ற நினைப்பும் இல்லை, ரெண்டு பேருக்கு ஒரு வீடு, அவ்வளவுதான், வயசான காலத்தில் முழங்காலுக்கு வசதியாக மாடி இல்லாமல். இப்போது அந்த அறை முழுக்கப் பால்காய்ச்சுக்கு வந்த பரிசுப் பொட்டலங்கள், ஜிகினாத் தாள் சுற்றி, கட்டுக்கட்டாக, கதவைத் திறந்தால் சரிகிற அளவுக்கு. அவற்றுக்குள் ஏதோ ஒன்றுக்குள்தான் அது. டிக். வாசலில் நின்று காதைக் கொடுத்தேன். கடையில் ஓடுகிறதா என்று பார்க்கச் செல் போட்டவன் கழற்றாமலே பொட்டலம் கட்டியிருப்பான், அவ்வளவுதானே. பால்காய்ச்சுக்குக் கடிகாரம் கொடுக்காத சொந்தக்காரன் உண்டா. ஒரு பொட்டலத்தை எடுத்துக் காதில் வைத்தேன், இல்லை. இன்னொன்று, இல்லை. மூன்றாவதில் கேட்கிறது என்று நினைத்தேன், கேட்டது என் காதுக்குள்ளேயே. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு பொட்டலத்துக்கும் இன்னொரு பொட்டலத்துக்கும் நடுவே நின்றுபோனதுபோல இருந்தது, அவசர அவசரமாகக் கீழே குனிந்து ஒவ்வொன்றாகக் காதில் வைத்து, சீ, என்ன இது, நாற்பத்தெட்டு வயசு ஆம்பிளை, தரையில் மண்டிபோட்டு அட்டைப்பெட்டிகளைக் காதில் வைத்துக்கொண்டு. கடைசியில் அகப்பட்டது. வட்டமான கடிகாரம், உள்ளே ஒரு வீடும் தென்னைமரமும் படகும். ஓடிக்கொண்டிருக்கிறது, தப்பு நேரத்தைக் காட்டிக்கொண்டு. பிரித்தவுடன் சத்தம் சின்னதாகிவிட்டது. பொட்டலத்துக்குள் இருக்கும்போதுதான் அவ்வளவு பெரிசு.

இதை மாட்டவேண்டும். நேரத்தைச் சரிசெய்துவிட்டு, நடுவீட்டில், வாசலைப் பார்த்த சுவரில். கிரீம் கலர், ஒரு கீறல் இல்லாத சுவர், ஒரு ஆணி இல்லாத சுவர். ஆக்லாந்தில் நாங்கள் இருந்த வாடகை வீடுகளில் ஆணி அடிக்கக்கூடாது, ஒப்பந்தத்திலேயே போட்டிருப்பார்கள், ஒட்டும் கொக்கிகள்தான், ஈரம் பட்டால் நடுராத்திரியில் படம் தொப்பென்று விழும். எங்கள் கல்யாணப் படம் பன்னிரண்டு வருஷமும் சுவரில் சாய்ந்து தரையில்தான் நின்றது. கூட்டும்போது செண்பகம் அதை ஒரு ஓரமாக நகர்த்துவாள், அப்புறம் திரும்ப நகர்த்துவாள். “சொந்தமா ஒரு வீடு கட்டுனா மொதல்ல என்ன செய்வீய?” “ஆணி அடிப்பேன்.” “எத்தன?” “கை வலிக்கிற மட்டும்.” அவள் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உருண்டாள். அது அங்கே முதல் கர்ப்பத்தின்போது, ஒரு குளிர்காலத்தில், நல்ல நாட்களில் ஒன்று. அங்கே நான் ஒரு ஆணியும் அடிக்கவில்லை. தேங்காய் உடைக்கவில்லை, கடலில் குளிக்கவில்லை, யார் சாவுக்கும் போகவில்லை, அங்கே எங்களுக்கு யார் இருந்தார்கள் சாவதற்கு. சுவர் நோகவே இல்லை. அப்படியும். அதற்குமேல் நினைக்க வேண்டாம் என்று கடிகாரத்தின் பின்பக்கச் சக்கரத்தைத் திருகினேன், முள் சுற்றி வருகிறது, சரியான நேரத்தைத் தாண்டிப் போய்விட்டது, திரும்பவும் ஒரு சுற்று. ஆக்லாந்தில் அன்றைக்கு அந்த அறையும் இருட்டாகத்தான் இருந்தது. ஸ்கேன் அறைகள் எல்லா ஊரிலும் இருட்டாகத்தான் இருக்கும் போல. இந்நேரம் அவளை உள்ளே கூப்பிட்டிருப்பார்களா. அங்கே ஸ்கேன் எடுத்த பெண், சின்னப் பெண்தான், சிவப்பு முடி, குழைவாகப் பேசிக்கொண்டே வயிற்றில் அந்தக் கருவியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள், வெயில் உண்டா உங்கள் ஊரில், எவ்வளவு வெயில். திரை அவள் பக்கமும் என் பக்கமும் திரும்பியிருந்தது. செண்பகத்துக்குத் தெரியாது, அவள் மல்லாந்து கிடந்தாள். அந்தப் பெண்ணின் கை நின்றது. பேச்சு நிற்கவில்லை, கை நின்றது. வேலையில் எத்தனை தட்டு பார்த்திருக்கிறேன், முளைத்ததும் முளைக்காததும். அப்புறம் அவள் ஒரு வாக்கியம் சொன்னாள், ஆங்கிலத்தில், மெதுவாக, பழகிய வாக்கியம். எனக்கு அது இன்றுவரை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழில் அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னால் தமிழில்தான் சொல்வார்கள்.

சரி, அடிப்போம். ஏன் கூடாது. அடிக்காமல் இருந்து கண்டது என்ன. துடிப்பு இருந்தால் ஏற்கெனவே இருக்கிறது, இல்லையென்றால் ஏற்கெனவே இல்லை, பாளையங்கோட்டையில் ஒரு இருட்டறையில் இருப்பதை இந்தச் சுவர் என்ன மாற்றிவிடும். தச்சு வேலைக்காரர்கள் விட்டுப்போன ஆணி டப்பா ஜன்னல் திண்டில் இருந்தது, சுத்தியல் அடுப்படி மேடைக்கடியில். கொஞ்சம் வேகமாகத்தான் எடுத்தேன். ஸ்டூலில் ஏறினேன். பென்சிலால் ஒரு புள்ளி. ஆணியை நிறுத்திப் பிடித்து முதல் அடி. வீடு முழுக்க அந்த அடி ஓடியது, எல்லா அறைக்கும் போய் ஒவ்வொரு சுவராகத் தட்டிவிட்டு வந்தது. இரண்டாவது அடி. சொந்த வீட்டில் சொந்தச் சுவரில் ஆணி இறங்குகிற சுகம் என்று ஒன்று உண்டு, பன்னிரண்டு வருஷம் அதற்காகத்தான் தட்டுகளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் அது வரவில்லை. மூன்றாவது அடியில் ஆணியைச் சுற்றிப் பூச்சு பிளந்து ஒரு சில்லு பெயர்ந்து என் பாதத்தில் விழுந்தது. உள்ளே சிமென்ட் சாம்பலாக, ஈரமாக. ஈரமாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன், ஓங்கின கை ஓங்கினபடி. முந்தாநாள் பூசணிக்காயோடு நின்றதுபோல, ஆனால் பிடுங்க அக்கா இல்லை. இந்நேரம்தான் அவள் படுத்திருப்பாள். இந்த நிமிஷம்தான் டாக்டரம்மாவின் கை. எனக்குத் தெரியும் ஆணிக்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று, தெரியும், தெரியும், தெரிந்துகொண்டே அந்த ஆணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பிப் பிடுங்கினேன், வரவில்லை, வலமும் இடமுமாக ஆட்டி, மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று நான் சொன்னது யாரிடம். ஆணி வந்துவிட்டது. ஓட்டை இருந்தது. சுண்டுவிரல் நுனி போகும். வீடு மறுபடி அமைதியாகிவிட்டது. அதற்குப்பிறகுதான் விளக்கின் ஞாபகம் வந்தது, இவ்வளவு நேரமும் அதை மறந்தே போய்விட்டேன், ஓடிப்போய்ப் பார்த்தால் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது, காற்று இழுக்கிறது, விடுகிறது, யார் இருந்தால் என்ன, யார் இல்லாவிட்டால் என்ன என்பதுபோல.

ஓட்டையை அடைக்கவேண்டும். வாடகை வீடு காலி செய்கிறவன் புத்தி உடனே வந்துவிட்டது. முன்னால் குடியிருந்தவன் அடித்துவிட்டுப் போன ஆணியோட்டைகள் எங்கள் தலையில் விழுந்துவிடாமல் இருக்க அங்கே நாங்கள் பண்ணுகிற வேலை, பல் தேய்க்கிற பேஸ்ட், வெள்ளைப் பேஸ்ட்டை அடைத்து ஒரு பழைய அட்டையால் வழித்துவிட்டால் வீட்டுக்காரனுக்குத் தெரியாது. குளியலறைக்குப் போனேன். பேஸ்ட் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. பிளம்பர் பதித்துவிட்டுப் போன கண்ணாடி, அதன் ஓரத்துப் பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. கையை நீட்டும்போது அதில் ஒரு ஆள். இந்த வீட்டுக்கு வந்து நான் என்னைப் பார்ப்பதே இப்போதுதான். கன்னம் தொங்கியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே அப்பாவின் பை. அதெல்லாம் இல்லை. வாய். வாய் ஒரு பக்கமாக இறங்கி, ஏற்கெனவே கேட்டுமுடித்துவிட்ட வாய். அந்தப் பெண் அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்னாலேயே செண்பகம் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆமாம். நான் ஏன் இதை மாற்றி மாற்றி ஞாபகம் வைத்திருக்கிறேன். வாக்கியம் முதலில், அழுகை அப்புறம் என்றே இத்தனை வருஷமும் வைத்திருந்தேன். அப்படி இல்லை. கை நின்றது, நான் திரையைப் பார்த்தேன், செண்பகம் திரையைப் பார்க்கமுடியாமல் கிடந்தவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை. என் முகத்தில்தான் அவளுக்கு ஸ்கேன். வீட்டுக்கு வருகிற வழியில் ரயிலில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரே ஒரு தடவை சொன்னாள், “ஒங்க மொகத்துல பாத்தேன்.” நான் தோளில் கைவைத்தேன். வேறென்ன செய்திருக்க முடியும், முகத்தைக் கழற்றியா வைக்கமுடியும். அதற்குப் பிறகு அவள் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை, அதைச் சுற்றிக்கொண்டே ஒரு வீடு கட்டிவிட்டோம். வீட்டு ஆம்பளதான் இருக்கணும். பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. ஆட்டோவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கவில்லை. போன் பண்ணாதீய. அக்கா அவள் முதுகில் பார்த்தது இதைத்தான். எனக்குத்தான் விளக்கு, காவல், மூன்று நாள் என்று ஏதேதோ. நல்லது செண்பா. நல்லதுதான். இந்தத் தடவை திரையை நீயே பார். டாக்டரம்மா முகத்தைப் பார், அக்கா முகத்தைப் பார், அக்காவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்றாலும் அவள் முகம் உனக்கு வலிக்காது. இந்த முகம் இங்கேயே இருக்கட்டும், விளக்குக்குப் பக்கத்தில். கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டதுபோல மட்டும் இருந்தது.

பேஸ்ட்டை ஓட்டைக்குள் பிதுக்கினேன், கடிகாரப் பெட்டியின் அட்டையைக் கிழித்து வழித்தேன். சுவர் கிரீம் கலர், பேஸ்ட் வெள்ளை. வெயில் வந்து விழுகிற சுவர் வேறு. ஒட்டடை பிடிக்காத புதுச் சுவரில் ஒரு வெள்ளைத் திட்டு, கண்ணில்லாதவனுக்குத்தான் தெரியாது. தரையைக் கூட்டினேன், பூச்சுத் தூளைக் கையில் அள்ளிக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே போட்டேன், ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்தேன், கடிகாரத்தை மறுபடி தாளில் சுற்றிச் சின்ன அறையில் தாழ்வான அலமாரியில் வைத்தேன். சுற்றியதும் சத்தம் பெரிசாகிவிட்டது. இருக்கட்டும், ஓடட்டும், செல்லைக் கழற்றக் கை வரவில்லை. மயில் போய்விட்டது. எல்லைக்கற்கள் அப்படியே. வெயில் ஏறி, இறங்கத் தொடங்கியதுகூடத் தெரியவில்லை, பசிக்கவில்லை, அக்கா மூடி வைத்துவிட்டுப் போன சோறு மூடியபடி இருக்கிறது. இவ்வளவு நேரமா ஆகும். துடிப்பு இருந்தால் நேரமாகாது. இல்லையென்றால் டாக்டரம்மா உட்காரவைத்துப் பேசுவார், மாத்திரை எழுதுவார், என்றைக்குச் சேரவேண்டும் என்று சொல்வார். இல்லை, கூட்டமாக இருக்கும். கூட்டம்தான். திங்கட்கிழமை. போனை எடுத்தேன், வைத்தேன். பண்ணாதீய என்றிருக்கிறாள். ஆட்டோச் சத்தம் கேட்டது, காற்று கொண்டுவந்து போட்டது, எடுத்துக்கொண்டது, மறுபடி போட்டது, இந்தத் தடவை எடுத்துக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போகவேண்டும். கால் அடுப்படிக்குப் போனது. குழாயைத் திறந்து, கழுவிய டம்ளரையே எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன், முதுகு நடுவீட்டுக்கு, முகம் சுவருக்கு. இப்போது நான் படிக்கவேண்டும் அவள் முகத்தை. என்னால் முடியாது. ஒருத்தர் முகத்தில் அதைப் படிப்பது என்றால் என்ன என்று கையில் டம்ளரோடு நிற்கும்போது தெரிகிறது, எத்தனை வருஷம் கழித்து. கம்பிக்கதவு கிரீச்சிட்டது. ரெண்டு ஜோடிச் செருப்பு. போகும்போது சிரித்துக்கொண்டு போனவர்கள் பேசாமல் வருகிறார்கள். அக்காவின் காலடி நேரே பூஜை அலமாரிக்கு, “நிக்காம எரியுது” என்று தனக்குத்தானே. செண்பகத்தின் காலடி நடுவீட்டில் நின்றது. நின்றது. டம்ளரில் தண்ணீர் நிறைந்து வழிந்தது.

“இது என்னது?” என்றாள். நகம் சுவரைச் சுரண்டுகிற சத்தம். “மதினி, இங்க வந்து மோந்து பாருங்க. பேஸ்ட்டுல்லா இது.” “பேஸ்ட்டா? சொவத்துக்கு எதுக்குட்டி பேஸ்ட்டு?” “ஆக்லாந்துல அடைக்கது இப்பிடித்தான். ஓட்டை போட்டுட்டு அடைச்சிருக்காங்க.” அப்புறம் அவள் குரல், நான் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்டிராத குரல், மேலே ஏறி உடைந்து, “ஆணி அடிச்சீயளா? அத்தான்! ஆணி அடிச்சீயளா இந்த வீட்டுல?” கிரகணத்தன்று தட்டைத் தூக்கிக் காட்டியவள். “பன்னெண்டு வருசம் அடிக்காத ஆணிய இன்னைக்குத்தான் அடிக்கணுமா ஒங்களுக்கு? ஒரு நா பொறுக்க முடியாதா? பத்து மாசம் பொறுக்க முடியாதா? வாயும் வயிறுமா இருக்கேன் நான். இருக்கேன்லா!” அக்கா, “கத்தாத பிள்ள, கத்தாத, உள்ள துடிக்கது அதிரும்” என்றாள், அவளே அழுதுகொண்டு. வீடு அத்தனையையும் ஒரு தடவை கூடச் சொல்லிப் பார்த்தது. பத்து மாசம். இருக்கேன்லா. டம்ளரை மேடையில் வைத்தேன், கை வழுக்கியது. என் வாய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, ஏறியிருக்கிறது. சுவரைப் பார்த்தபடியே, “கடிகாரம் ஒண்ணு…” என்று ஆரம்பித்தேன்.

“கடிகாரமும் மண்ணாங்கட்டியும். அங்கன என்ன பாத்துக்கிட்டு நிக்கீய?” காலடி அடுப்படி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் மருதாணி வாசனை, பேஸ்ட் வாசனை. “திரும்புங்க இங்க. என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

குழாயை மூடினேன். திரும்பினேன்.